‘அப்டேட் கொடுக்கலாமா, வேண்டாமா?’ பழவேற்காட்டுக் கரையில் ஒரு கணினிக் கேள்வி

காலை பத்தரை மணி. ஏரியிலிருந்து வந்த இறாலும் நண்டும் ஏலம் போய்விட்டன. பழவேற்காடு கடைத்தெருவில் ஐஸ் தண்ணீர் வழிந்து ஓடுகிறது. ஜெராக்ஸ் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். வரிசையில் முதலில் இருப்பவர் லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்மணி. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் மஞ்சள் பையில் சுற்றி எடுத்துவந்திருக்கிறார். மத்திய அரசின் தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் பெயர் பதிய வேண்டும். மீன் முள்ளும் உப்பும் தேய்த்த அந்த விரலை ரேகைக் கருவி இரண்டு முறை ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மூன்றாம் முறை வைக்கப் போகும் நேரத்தில் திரை முழுவதையும் ஓர் அறிவிப்பு மறைக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதாம்.

“என்ன தம்பி அது, காசு கேக்குதா?”

“இல்லக்கா, அப்டேட் கேக்குது. குடுத்தா இந்த மிஷின் தாங்குமான்னு தெரியல. நீங்க விரல வைங்க.”

கடைக்காரத் தம்பி ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அழுத்துகிறார். வேலை நடக்கிறது. ஆனால், கேள்வி அப்படியே இருக்கிறது. கோட்டைக்குப்பம், அரங்கன்குப்பம், கூனங்குப்பம், சாத்தான்குப்பம், பசியாவரம் என்று ஏரியையும் கடலையும் ஒட்டிய குப்பங்களில் கணினி இருக்கும் வீடுகள் குறைவு. இருப்பவற்றிலும் முக்கால்வாசி, அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகள். அவற்றை வைத்திருப்பவர்களும், ஊருக்கே விண்ணப்பம் போட்டுத் தரும் கடைக்காரர்களும் கேட்பது ஒன்றுதான்: புது விண்டோஸுக்கு மாறுவதா, பழையதிலேயே ஓட்டுவதா, இரண்டையும் விட்டு வேறு வழி பார்ப்பதா?

என்னதான் நடந்தது?

2015 ஜூலை 29-ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அப்போதும் உலகின் விண்டோஸ் கணினிகளில் ஏறத்தாழ பத்தில் நான்கு அந்த இயங்குதளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

நிறுத்தியதும் கணினி அணைந்துவிடாது. கோப்புகள் அழியாது. இணையம் வரும், அச்சுப்பொறி ஓடும். அதனால்தான் பலருக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வலையில் கண்ணி அறுந்தால் மறுநாள் கரையில் உட்கார்ந்து பின்னிவிடலாம். பின்னுகிறவர் இனி வரவே மாட்டார் என்றால் அந்த வலையை எத்தனை நாள் கடலுக்குக் கொண்டுபோக முடியும்? விண்டோஸில் புதிது புதிதாக ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. மாதாமாதம் வந்த திருத்தங்கள் அவற்றை அடைத்தன. இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் விண்டோஸ் 10-இல் திறந்தபடியே கிடக்கும்.

அது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2017 மே 12-ஆம் தேதி சாட்சி. ‘வான்னாக்ரை’ என்ற பிணைப்பண வைரஸ் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டன் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியை வைத்திருக்கும் ஆந்திரத்திலும் காவல்துறைக் கணினிகள் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பதிந்துகொள்ளாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். இப்போது பதிந்துகொள்ள நினைத்தாலும் திருத்தமே வராது என்பதுதான் விண்டோஸ் 10-இன் நிலை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பலர் அறியாததால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். தனிநபர் கணினிகளுக்கு ஓராண்டு ‘நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு’த் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. அது வேண்டாம் என்றால் 30 டாலர். ‘செட்டிங்ஸ்’ உள்ளே ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் இதற்கான இணைப்பு இருக்கும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். நிறுவன வலையமைப்பில் சேர்க்கப்பட்ட கணினிகளுக்கு இந்தத் தனிநபர் திட்டம் பொருந்தாது. அவற்றுக்கு முதல் ஆண்டுக் கட்டணம் கணினி ஒன்றுக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும்.

▣ பெட்டி: ஓய்வு பெற்ற தேதிகள்
விண்டோஸ் எக்ஸ்பி: 2014 ஏப்ரல் 8
விண்டோஸ் 7: 2020 ஜனவரி 14
விண்டோஸ் 8.1: 2023 ஜனவரி 10
விண்டோஸ் 10: 2025 அக்டோபர் 14
விண்டோஸ் 10, நீட்டிப்பில் சேர்ந்த தனிநபர் கணினிகள்: 2026 அக்டோபர் 13
விண்டோஸ் 11 வெளியான நாள்: 2021 அக்டோபர் 5

‘அம்மா லேப்டாப்’ தாங்குமா?

2011 செப்டம்பர் 15. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பழவேற்காடு இருப்பதும் இதே மாவட்டத்தில்தான், பொன்னேரி வட்டத்தில். அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் மடிக்கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தன. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. குப்பங்களில் முதன்முதலாகக் கணினி நுழைந்த வீடுகள் பல, அந்தப் பெட்டியோடுதான் தொடங்கின. அப்பா கட்டுமரத்தில், அம்மா மீன்கூடையோடு, பிள்ளை மடியில் கணினி. அந்தத் திட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் இதை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

சர்வீஸ் கடைகளில் இன்றும் அதன் பெயர் ‘அம்மா லேப்டாப்’ அல்லது ‘கவர்ன்மென்ட் லேப்டாப்’. அக்காவுக்குப் பிளஸ் டூவில் வந்தது தம்பிக்குப் போய், இப்போது வீட்டில் படம் பார்க்கவும், தம்பி போட்டித் தேர்வுக்குப் படிக்கவும், மீன் வியாபாரக் கணக்கு எழுதவும் கிடக்கிறது. உப்புக் காற்றில் விசைப்பலகையில் சில எழுத்துகள் வேலை செய்யாது. பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும். ஆனாலும் ஓடும்.

விண்டோஸ் 11 இவற்றில் ஏறுமா? நேராகச் சொல்லிவிடலாம்: பெரும்பாலானவற்றில் ஏறாது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் நினைவகம் 2 ஜிபிதான். பிந்தைய ஆண்டுகளின் லெனோவா, ஏசர் பெட்டிகளில் 4 ஜிபி வந்தது. ஆனால், சிக்கல் நினைவகத்தோடு நிற்பதில்லை. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் செயலிகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குப் பிறகானவை. அவை சந்தைக்கு வந்ததே 2017-இன் பிற்பகுதியில். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிறகானவையும். அரசு மடிக்கணினிகளில் இருந்த மலிவு விலைச் செயலிகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்கு வெளியே.

▣ பெட்டி: விண்டோஸ் 11 கேட்பது என்ன?
64 பிட் செயலி, குறைந்தது 2 கோர், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்க வேண்டும்
4 ஜிபி நினைவகம் (நடைமுறையில் 8 ஜிபி இருந்தால்தான் நிம்மதி)
64 ஜிபி சேமிப்பிடம்
யூஇஎஃப்ஐ, ‘செக்யூர் பூட்’ வசதி
டிபிஎம் 2.0 (மறையாக்கச் சாவிகளைப் பத்திரமாகப் பூட்டிவைக்கும் சில்லு)
மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டினால் உங்கள் கணினி தேறுமா என்று அதுவே சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே கைவிட வேண்டாம். 2016-க்குப் பிறகு வந்த பல கணினிகளில் அது இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் ‘எல்லாத்தையும் பைபாஸ் பண்ணிப் போட்டுத் தர்றேன்’ என்று சர்வீஸ் கடைக்காரர் சொல்வார். சோதனைகளைத் தாண்டிக்கொண்டு விண்டோஸ் 11-ஐப் பதியும் வழிகள் இருப்பது உண்மைதான். ஆனால், அப்படிப் பதிந்த கணினிக்குத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. பாதுகாப்புக்காகத்தான் மாறுகிறோம் என்றால், உத்தரவாதமில்லாத மாற்றத்தால் என்ன பயன்? 4 ஜிபி நினைவகமும் பழைய சுழல் தட்டும் உள்ள பெட்டியில் விண்டோஸ் 11 நகர்வதற்குள் பொறுமை போய்விடும். அதற்குக் கூலி கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. புது இயங்குதளத்தின் பதிவிறக்கம் 5 ஜிபியைத் தாண்டும். குப்பத்தில் பெரும்பாலும் செல்போன் ஹாட்ஸ்பாட்தான் இணையம். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, 2 ஜிபி என்று வரம்பிட்ட பேக். கணினி பின்னணியில் தானாக இறக்கத் தொடங்கிவிட்டால் வீட்டின் அன்றைய டேட்டா காலை ஒன்பது மணிக்கே காலி. அப்பா கடலுக்குப் போகும் முன் பார்க்கும் காற்று எச்சரிக்கையும் அதே பேக்கில்தான் வர வேண்டும். ஹாட்ஸ்பாட் இணைப்பை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று குறித்துவைத்தால் பெரிய பதிவிறக்கங்கள் கேட்காமல் தொடங்குவதைத் தடுக்கலாம். சின்ன வேலை, செய்துவிடுங்கள்.

ஊரின் ஆதார் ஓடும் கணினி

வீட்டுக் கணினி ஒருவருடைய கவலை. ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், பொதுச் சேவை மையம் ஆகியவற்றின் கணினி ஊரின் கவலை.

கடலோர மக்களின் வாழ்க்கை எவ்வளவு தூரம் இணையத்துக்கு ஏறிவிட்டது என்பதை வெளியே இருப்பவர்கள் உணர்வதில்லை. படகைப் பதிவு செய்ய இணையதளம். மீனவர், மீன் விற்பவர், மீன் சார்ந்த தொழிலாளி எல்லோரையும் ஒரே பட்டியலில் கொண்டுவரும் தேசிய மீன்வள டிஜிட்டல் தளம் 2024 செப்டம்பர் 11-ஆம் தேதி தொடங்கப்பட்டது. கிசான் கடன் அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை என்று எதற்கும் அந்தக் கடைப் படியேறித்தான் ஆக வேண்டும். ஒரு சிறிய கடைக் கணினியின் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையைத் திறந்தால் அந்த ஊரின் பாதி ஆதார் அட்டைகள் அதில் கிடக்கும். கடைக்காரர் வேண்டுமென்று வைத்திருப்பதில்லை. அழிக்க நேரம் இருந்திருக்காது.

பணம் எடுத்துக்கொடுக்கும் ஆதார் பரிவர்த்தனையும் பல கடைகளில் அதே கணினியில் நடக்கிறது. திருத்தம் இல்லாத விண்டோஸில் விசை அழுத்தங்களைத் திருடும் ஒரு நச்சுநிரல் உட்கார்ந்துவிட்டால், கடைக்காரரின் கடவுச்சொல்லோடு வரிசையில் நின்றவர்களின் விவரங்களும் போகும். ஏமாந்தது தெரியவே மாதக்கணக்கில் ஆகும். வங்கிப் புத்தகத்தில் வரவு செலவைப் பதியும் இயந்திரம் பொன்னேரியில் இருந்தால், அதற்கும் ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

ஆகவே, இந்தக் கடைகளுக்குத் தள்ளிப்போட இடமில்லை. ஏற்கும் கணினி என்றால் விண்டோஸ் 11-க்கு இப்போதே மாறிவிட வேண்டும். ஏற்காது என்றால் நீட்டிப்புத் திட்டத்தில் இன்றே சேர்ந்து, கெடு முடிவதற்குள் வேறு கணினிக்குப் பணம் சேர்க்க வேண்டும். லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்குத் தாவலாமே என்று கேட்கலாம். ரேகைக் கருவிக்கும் டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கனுக்கும் வேண்டிய மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் கருவிகளைக் கட்டாயமாக்கும் அரசுத் துறைகள், எந்த இயங்குதளத்திலும் ஓட வேண்டும் என்று விற்பவர்களிடம் நிபந்தனை போட்டிருக்க வேண்டும்.

வங்கிகளே இதில் தாமதித்தவைதான். 2014-இல் எக்ஸ்பி ஓய்வு பெற்ற பிறகும் நாட்டின் ஏடிஎம்கள் பலவற்றில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பி, ஓராண்டுக்குள் மாற்றி முடிக்கச் சொன்னது. அத்தனை பெரிய வங்கிகளுக்கே கெடு வைத்துத் துரத்த வேண்டியிருந்தது. பத்துக்குப் பத்து அறையில் கடை நடத்தும் ஒருவரிடம் யாரும் இதைச் சொல்லக்கூட இல்லை.

விலை கொடுப்பது யார்?

புதிதாக வாங்கிவிடலாமே என்பது நகரத்துப் பதில். ஓரளவு நல்ல மடிக்கணினி 35,000 ரூபாயைத் தொடுகிறது. 2025 இறுதியிலிருந்து உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியதால் பழையதில் ரேம் கூட்டுவதும் முன்புபோல் மலிவாக இல்லை. முகத்துவாரம் தூர்ந்தால் ஏரியில் மீன் இல்லை. புயல் சின்னம் என்றால் கடலுக்குப் போகக் கூடாது. எதிரே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளிலும் கூடாது. இப்படிக் கைக்கு வராத நாட்கள் நிறைந்த வருமானத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு வட்டிக்கு வாங்கிப் புதியது எடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸ் 10 நிறுத்தத்தால் உலகம் முழுவதும் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-இலேயே கணக்கிட்டது. அந்தக் குப்பையில் ஒரு பகுதி காயலான் கடைக்குப் போய், செம்புக்காகத் திறந்த வெளியில் எரிக்கப்படும். ஏற்கெனவே அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும் பட்டு நொந்த கழிமுகம் இது. ஈயமும் காட்மியமும் இதில் கலக்க வேண்டாம்.

மூன்றாவது வழி, வீட்டிலேயே இருந்த வழி

படிக்கவும் எழுதவும் இணையம் பார்க்கவும் பயன்படும் வீட்டுக் கணினிகளுக்கு என் முதல் பரிந்துரை லினக்ஸ். உரிமக் கட்டணம் இல்லை. பழைய வன்பொருளிலும் இலகுவாக ஓடும் வகைகள் இருக்கின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன.

இது எங்கோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருளும் இல்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ 2007 ஜனவரியில் வெளிவந்தது. டெபியன் என்ற உலகறிந்த லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம். அரசு மடிக்கணினிகள் பல தவணைகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் பதிந்தே மாணவர் கைக்கு வந்தன. பெட்டியைத் திறந்ததும் பெரும்பாலோர் செய்த முதல் காரியம், சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய் லினக்ஸை அழித்து, அந்த இடத்தையும் விண்டோஸுக்கே கொடுத்ததுதான்.

ஏன் அழித்தார்கள்? பிள்ளைகள் மீது தவறில்லை. பள்ளியில் அதைப் பற்றி ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. ஆசிரியருக்குத் தெரியாது, கடைக்காரருக்குத் தெரியாது, நண்பன் கொடுத்த விளையாட்டு அதில் ஓடவில்லை. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு யார் போராடுவார்கள்?

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமும் அல்ல. 2006-க்குப் பிந்தைய ஆண்டுகளில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் பொறுப்பில் இருந்தபோது, அரசுக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றும் முயற்சி பெரிய அளவில் நடந்தது. அதிகாரி மாறியதும் வேகம் குறைந்தது. 2014-இல் எக்ஸ்பி ஓய்வு பெற்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது. அலுவலக மேசைகளில் இன்று எத்தனை பாஸ் லினக்ஸைப் பார்க்கிறோம் என்பதே அந்த அறிவுறுத்தலின் கதையைச் சொல்லிவிடும்.

பக்கத்து மாநிலத்தில் வேறு மாதிரி நடந்தது. கேரளம் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தில் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அந்தத் திட்டமே இன்று ‘கைட்’ என்ற நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அவர்கள் இயங்குதளத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அதற்கேற்ற பாடநூல், அதிலேயே செய்முறைத் தேர்வு என்று படிப்படியாகப் போனார்கள். மலையாளப் பிள்ளைக்கு லினக்ஸ் பழக்கமானது, பொன்னேரிப் பிள்ளைக்கு அந்நியமாகவே நின்றது. வேறுபாடு பிள்ளைகளிடம் இல்லை.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உண்டு. லிப்ரே ஆபீஸில் மனுவும் கணக்கும் எழுதலாம், வேர்டு கோப்புகளைத் திறக்கலாம். போட்டோஷாப்பும் பாமினி எழுத்துருவும் வைத்து பேனர் அடிக்கும் கடைகளுக்கு மட்டும் இது ஒத்துவராது. அவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும். ஒன்று கவனியுங்கள்: பழைய சுழல் தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் சில ஆயிரம் ரூபாயில் பெட்டியின் வேகம் தெளிவாகக் கூடும். கையில் காசு இருந்தால் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

‘கிராக்’ என்ற பொறி

நம் ஊர் சர்வீஸ் கடைகளில் பேசக் கூச்சப்படும் விஷயம் ஒன்று உண்டு. முன்னூறு, ஐந்நூறு ரூபாய்க்கு ‘ஓ.எஸ். போட்டுத் தரும்’ இடங்களில் பெரும்பாலும் உரிமம் இல்லாத விண்டோஸ்தான் ஏறுகிறது. அதை உயிர்ப்பிக்க ஓட்டும் ‘ஆக்டிவேட்டர்’ நிரல், வைரஸ் தடுப்பை அணைத்துவிடச் சொல்லும். அணைத்த கையோடு வேறு என்னென்ன உள்ளே வந்தன என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினியில் இதைச் செய்யவே கூடாது.

அடுத்தது தொலைபேசிப் பொறி. ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்தச் செயலியை இறக்குங்கள்’ என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

▣ பெட்டி: கை வைக்கும் முன்
புகைப்படம், சான்றிதழ், பாடக்குறிப்பு அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்கிலோ பென்டிரைவிலோ நகலெடுங்கள். நகல் திறக்கிறதா என்று வேறு கணினியில் போட்டுப் பாருங்கள்.
பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
லினக்ஸைப் பதியும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரின்டர் வேலை செய்கின்றனவா என்று சோதித்த பிறகு முடிவெடுங்கள்.
கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். பாதியில் நின்றால் கணினி எழும்பாமல் போகலாம்.
கடையில் கொடுக்கும் கணினியில் குடும்பப் படங்களை விட்டுவைக்காதீர்கள்.

விண்டோஸ் 10-இலேயே இருந்தால்?

இருக்கலாம், நிபந்தனையோடு. பழைய கணினியை உண்மையில் முடக்குவது பெரும்பாலும் பிரவுசர்தான். குரோம் 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அதன் பிறகே அரசு, வங்கித் தளங்கள் அந்தக் கணினிகளில் ஒவ்வொன்றாகத் திறக்காமல் போயின. விண்டோஸ் 10-க்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. எட்ஜ் பிரவுசருக்குக் குறைந்தது 2028 அக்டோபர் வரை திருத்தம் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆகவே நீட்டிப்பில் சேர்ந்த வீட்டுக் கணினியில் பதற்றம் வேண்டாம். நீட்டிப்பில் சேராத கணினியில் படம் பாருங்கள், பாடம் எழுதுங்கள். வங்கி, ஆதார், யுபிஐ பக்கம் போகாதீர்கள். இணையமே இல்லாமல் கணக்கு மட்டும் எழுதும் கணினி என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. பொன்னேரி அரசு கலைக் கல்லூரிக்கும் மீன்வளக் கல்லூரிக்கும் போய்வரும் பிள்ளைகள், புதியது வரும் என்று தெரிந்தால் பழையதற்குப் பெரிய செலவு செய்யாமல் பொறுத்திருக்கலாம். பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டுத் தம்பி தங்கைக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால், புதியது கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. முன்பு கொடுத்த 50 லட்சம் பெட்டிகளில் உயிரோடு இருப்பவற்றை அரசு மறந்துவிட்டது. கொடுத்தவர்களிடமே அதைக் காப்பாற்றும் வழியும் இருக்கிறது. பாஸ் லினக்ஸை உருவாக்கிய சி-டாக் சென்னையிலேயே இருக்கிறது. எல்காட் இருக்கிறது. பொன்னேரிக் கல்லூரிகளில் கணினி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பழவேற்காட்டிலும் மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் இரண்டு நாள் முகாம் போட்டு, வருகிற பெட்டிக்கெல்லாம் நகலெடுத்து, லினக்ஸ் பதிந்து, அரை மணி நேரம் சொல்லியும் கொடுத்தால் ஒரு பள்ளிக்கூட அறைக்குள் முடிகிற வேலை. இ-சேவை நடத்துகிறவர்களைத் தனியே உட்காரவைத்து, நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டு, மக்களின் ஆதார் நகல்களை அன்றன்றைக்கே அழிக்கும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்கலாம். கணினி வாங்க அவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் ஏற்பாடு செய்யலாம்.

திருவள்ளூர் மாவட்ட ஆட்சியரிடமும் எல்காட்டிடமும் கேட்பது இதுதான்: திட்டம் தொடங்கிய இந்த மாவட்டத்திலேயே முதல் முகாமை நடத்துங்கள். 2026 அக்டோபர் 13-க்கு முன்பாக நடத்துங்கள். கெடு கடந்த பிறகு வரும் முகாமால் அந்த ஜெராக்ஸ் கடை வரிசையில் நிற்பவர்களுக்குப் பயனில்லை.